டொமைனுக்குள் ஒரு சின்ன ஃபோல்டர்

மாஸ்டடான் ட்விட்டர் போன்ற ஒரு சமூகத் தளம், ஆனால் பலரும் தனித்தனியாக நடத்தும் சர்வர்கள் சேர்ந்தது. அதில் கணக்கை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் நம்மைப் பின்தொடர்பவர்கள் கூடவே வந்துவிடுவார்கள். நாம் எழுதியவை வராது. பிளாகர் வலைப்பதிவில் நேர் எதிர்: எழுதியதை எல்லாம் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், படித்தவர்களைக் கூட்டி வர வழியில்லை. ட்விட்டருக்கு மாற்றாக வந்த ப்ளூஸ்கையில் இரண்டும் வரும் என்கிறார்கள். நோஸ்டர் என்ற இன்னொரு வலையமைப்பில் குடிமாறுவது என்ற பேச்சே இல்லை என்கிறார்கள். இந்த 'என்கிறார்கள்' எல்லாவற்றையும் கையால் செய்து பார்த்துவிடுவது என்று இறங்கியதன் குறிப்புகள் இவை.

இறங்க வேண்டிய கட்டாயமும் வந்தது. 2019 நவம்பரில், உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதை ஒட்டி இந்தியாவிலிருந்து ஒரு கூட்டம் மாஸ்டடானுக்குப் போனது நினைவிருக்கலாம். என் கணக்கு அந்த அலையில் தொடங்கியது. நான் இருந்த சர்வரை நடத்தியவர், இனிமேல் முடியாது, மூடப்போகிறேன் என்று அறிவித்தார். மாஸ்டடானின் தளத்தில் பட்டியலிடப்படும் சர்வர்கள் மூடுவதற்குக் குறைந்தது 3 மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்பது விதி. அவரும் சொன்னார். தமிழில் இணையத்தில் எழுதியவர்களுக்கு இந்த மாதிரி முன்னறிவிப்பே பெரிய மரியாதை. ஜியோசிட்டீஸ் 2009-இல் போனது. கூகுள் பிளஸ் 2019-இல் போனது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ்க் குழுக்கள் நடந்த யாஹூ குழுமங்கள் 2020-இல் ஒரேயடியாகப் போயின. 2012-இல் பிளாகரின் பிளாக்ஸ்பாட் முகவரிகள் யாரையும் கேட்காமல் டாட் காமிலிருந்து டாட் இன்-க்குத் தாவியதும் உண்டு. எழுதியது எங்கேயும் போகவில்லைதான், ஆனால் முகவரி நம் கையில் இல்லை என்பது அன்றைக்குத் தெரிந்தது.

மொபைலில் எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனத்தை மட்டும் மாற்றுகிறோம் அல்லவா, அதுதான் எனக்கு வேண்டியது. என்னிடம் ஏற்கெனவே ஒரு டொமைன் இருந்தது. அதில் ஒரு மூலையில் ஹ்யூகோ என்ற கருவியில் செய்த பழைய வலைப்பதிவு, பலரோடு பகிர்ந்துகொள்ளும் வாடகை சர்வர் ஒன்றில் (ஷேர்டு ஹோஸ்டிங்) தூங்கிக்கொண்டிருந்தது. அந்த டொமைன்தான் என் பெயராக இருக்க வேண்டும், மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால் வந்து போகட்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் ஃபெடிவர்ஸ் பக்கம், அதாவது மாஸ்டடானும் அதோடு பேசிக்கொள்ளும் மற்ற சர்வர்களும் சேர்ந்த வலை. மாஸ்டடானையே சொந்தமாக நிறுவலாம். ஆனால் அது ரூபி ஆன் ரெயில்ஸ், போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், சைட்கிக் என்று நான்கைந்து பேர் சேர்ந்து இழுக்கும் தேர். ஒரே ஒருத்தனுக்காக அதை ஓட்டுவது வீண் செலவு. அதனால் மாஸ்டடானோடு பேசக்கூடிய கோ டு சோஷியல் என்ற சிறிய சர்வர் மென்பொருளை எடுத்தேன். கோ மொழியில் எழுதப்பட்டது, ஒரே ஒரு நிரல் கோப்பு, எஸ்கியூலைட் என்ற ஒற்றைக் கோப்புத் தரவுதளம் போதும், 250 முதல் 350 எம்பி ரேமுக்குள் அடங்கிவிடும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. 1 ஜிபி ரேம் உள்ள மலிவான விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) டெபியன் லினக்ஸ் போட்டு, ரேம் போதாதபோது உதவ வட்டில் கொஞ்சம் ஸ்வாப் ஒதுக்கி, பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சேவையாக ஓடவிட்டேன். இதற்கென்று சொந்த முகப்புத் திரை கிடையாது. நம் சுயவிவரப் பக்கமும் அமைப்புப் பக்கமும் மட்டும் இருக்கும். எழுதவும் படிக்கவும் போனில் டஸ்கி, கணினியில் ஃபான்பி போன்ற செயலிகளை இணைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இது வசதியாகவே பட்டது. திரை பிடிக்கவில்லை என்றால் திரையை மட்டும் மாற்றலாம்.

அமைப்புக் கோப்பில் நிறைய வரிகள் இருந்தாலும் தலைபோகிற வரிகள் இரண்டுதான். ஒன்று ஹோஸ்ட், மற்றொன்று அக்கவுண்ட்-டொமைன். சர்வர் உண்மையில் ஓடும் முகவரி ஹோஸ்ட். கணக்குப் பெயருக்குப் பின்னால் தெரிய வேண்டிய முகவரி அக்கவுண்ட்-டொமைன். சர்வரை ஒரு துணை டொமைனில் ஓட்டிவிட்டு, பெயரை மட்டும் மூல டொமைனில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சர்வர் ஒருமுறை ஓடத் தொடங்கி வெளியாட்களோடு பேசிவிட்டால் இந்த இரண்டையும் மாற்றவே கூடாது. மற்ற சர்வர்கள் உங்களை அந்த முகவரியோடு சேர்த்து மனப்பாடம் செய்துவிடும். முதல் முறை ஓடவிடும் முன் இந்த இரண்டு வரியை யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மிச்சத்தை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்துகொள்ளலாம்.

இப்படிப் பிரித்து வைத்தால், 'இந்தப் பெயருக்கு உரியவர் எங்கே குடியிருக்கிறார்' என்று மூல டொமைன் வழிகாட்ட வேண்டும். அதற்குத்தான் வெப்ஃபிங்கர் என்ற நெறிமுறை இருக்கிறது. டொமைனின் வேரில் புள்ளியோடு தொடங்கும் வெல்-நோன் என்ற ஃபோல்டர். அதற்குள் வெப்ஃபிங்கர் என்ற முகவரி. அதன் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டு, தேடும் கணக்கின் பெயர். இந்தக் கேள்வியை அப்படியே துணை டொமைனுக்குத் திருப்பிவிட்டால் கோ டு சோஷியல் பதில் சொல்லிக்கொள்ளும். ஹோஸ்டிங்கின் பேனலில் ரீடைரெக்ட் என்று ஒரு படிவம் இருந்தது. அங்கிருந்து இங்கே என்று நிரப்பிச் சேமித்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. சுயவிவரப் பக்கம் உலாவியில் அழகாகத் திறக்கிறது. மாஸ்டடான் சர்வர்களில் என் பெயரைத் தேடினால் அப்படி ஒருவரே இல்லை. சுயவிவர முகவரியை முழுதாக ஒட்டித் தேடினாலும் இல்லை. நான் மற்றவர்களைப் பின்தொடர அனுப்பிய கோரிக்கைகள் எல்லாம் நிலுவையிலேயே நின்றன. இது விசித்திரமாகத் தோன்றலாம், கோரிக்கையை அனுப்புவது நான்தானே? ஆனால் இந்த சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையின் உலகில் ஒவ்வொரு கோரிக்கையும் கையெழுத்தோடு போகிறது. வாங்கும் சர்வர் அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கத் திரும்பி வந்து, 'இவர் யார்' என்று மூல டொமைனில் விசாரிக்கும். அங்கே பதில் கிடைக்காவிட்டால் கோரிக்கையை ஓசையில்லாமல் ஒதுக்கிவிடும். அனுப்பிய பக்கத்தில் ஒரு பிழைச்செய்தியும் தெரியாது.

கோ டு சோஷியலின் லாகை (நிகழ்வுப் பதிவை) திறந்ததும் விஷயம் பிடிபட்டது. வெப்ஃபிங்கருக்குக் கேள்விகள் வந்தபடி இருந்தன. எல்லாவற்றுக்கும் 400, அதாவது 'கேள்வியே தவறு', என்று பதில். யாரைத் தேடுகிறார்கள் என்ற பகுதியே கேள்வியில் இல்லை. அதாவது திருப்பிவிடுவது நடக்கிறது, ஆனால் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளது வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. பேனல் எழுதிய விதியைக் கோப்பில் போய்ப் பார்த்தால், சேருமிட முகவரியின் கடைசியில் தனியாக ஒரு கேள்விக்குறி உட்கார்ந்திருந்தது. அப்பாச்சி என்ற வலை சர்வரின் ரீரைட் (முகவரி மாற்றும்) விதியில் முகவரி வெறும் கேள்விக்குறியோடு முடிந்தால், 'வந்த கேள்விப் பகுதியை வெட்டிவிடு' என்று அர்த்தம். அந்த ஒரு எழுத்தை நீக்கினேன். அடுத்த தேடலிலேயே என் முகம் வந்துவிட்டது.

அப்பாச்சிக்குப் பதில் என்ஜின்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே பள்ளம் வேறு இடத்தில் உண்டு. அங்கே ரீரைட் கட்டளை கேள்விப் பகுதியைத் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ரிட்டர்ன் கட்டளை ஒட்டாது, நாம்தான் சேர்க்க வேண்டும். இன்னொன்று, இதை உலாவியில் சோதிக்காதீர்கள். 301 என்ற நிரந்தரத் திருப்பத்தை உலாவி நினைவில் வைத்துக்கொண்டு பழைய பதிலையே காட்டும். கட்டளைவரியில் கர்ல் கட்டளையால் பார்த்தால் உள்ளது உள்ளபடி தெரியும்.

பெயர் வேலை செய்ததும் குடிமாற்றம். புதிய கணக்கின் அமைப்புப் பக்கத்தில் பழைய கணக்கை 'இதுவும் நான்தான்' என்று பதிய வேண்டும். பிறகு பழைய கணக்கில் போய்ப் புதிய முகவரியைக் கொடுத்துக் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். இந்த இரண்டு பக்க ஒப்புதல் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் யாருடைய கூட்டத்தையும் ஓட்டிக்கொண்டு போய்விடலாமே. நான் பின்தொடர்பவர்கள், தடை செய்தவர்கள் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக முன்னமே இறக்கி வைத்தேன். அவை தானாக வராது.

பொத்தானை அழுத்தும் முன் ஒன்றைக் கவனித்தேன். கோ டு சோஷியலில் புதிய கணக்கு பூட்டிய நிலையில்தான் பிறக்கிறது. பின்தொடர விரும்புபவரை நாம் ஒவ்வொருவராக அனுமதிக்க வேண்டும். அப்படியே மாற்றியிருந்தால் அத்தனை பேரும் வாசலில் வரிசையில் நின்றிருப்பார்கள். பூட்டை எடுத்துவிட்டு அழுத்தினேன். ஆட்கள் சிறிது சிறிதாக வந்து சேர்ந்தார்கள், ஏனென்றால் ஒவ்வொருவரின் சர்வரும் தன் வசதிக்கு இந்த வேலையைச் செய்கிறது. எல்லோரும் வரவில்லை. கைவிடப்பட்ட சர்வர்களில் இருந்தவர்களும், இந்த நகர்வைப் புரிந்துகொள்ளாத மென்பொருள்களில் இருந்தவர்களும் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஒரு மாஸ்டடான் கணக்கை இன்னொருமுறை மாற்ற வேண்டுமென்றால் மாஸ்டடான் 30 நாள் காத்திருக்கச் சொல்லும்.

பதிவுகள்தான் வருத்தம். மாஸ்டடான் நம் பதிவுகளையும் படங்களையும் ஒரு சுருக்கக் கோப்பாகத் தருகிறது, ஆனால் அதை வாங்கிக்கொள்ள எந்த மாஸ்டடான் சர்வரிலும் வாசல் இல்லை. உரையாடல்கள் அடுத்தவரின் சர்வரிலும் கிடப்பவை, அவற்றுக்குப் புது முகவரி ஒட்டுவது எளிதல்ல என்று காரணம் சொல்கிறார்கள். நியாயம்தான். ஆனாலும் ஆறேழு வருஷம் எழுதியது ஒரு ஜிப் கோப்பில் உட்கார்ந்திருக்கிறது. அதில் தேறியவற்றை எடுத்து வலைப்பதிவில் போட்டேன்.

தனி ஆள் சர்வரில் முதல் சில நாள் வெறிச்சென்று இருக்கும், பயப்பட வேண்டாம். நாம் யாரைப் பின்தொடர்கிறோமோ அவர்கள் எழுதுவது மட்டும்தான் வரும், அதுவும் பின்தொடர்ந்த பிறகு எழுதுவதுதான். பெரிய சர்வரில் மற்றவர்களின் தொடர்புகள் வழியாக நமக்கும் வந்துகொண்டிருந்த கூட்டம் இங்கே இல்லை.

இடையில் ஒரு தமிழ்க் கணக்கு. எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளம் தன் 280 எழுத்து எல்லைக்கு எண்ணும்போது தமிழின் புள்ளியையும் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணுகிறது. 'வணக்கம்' என்று எழுதினால் 7 போய்விடும். மாஸ்டடான் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக எண்ணுகிறது, அங்கே அதே சொல் 5. ப்ளூஸ்கையும் அப்படியே. ஆக, ப்ளூஸ்கையின் 300 பார்வைக்கு எக்ஸைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்றாலும் தமிழுக்கு நல்ல தாராளம். மாஸ்டடானின் 500 இன்னும் தாராளம். கோ டு சோஷியலின் இயல்பான எல்லை 5,000. அதற்கு மேலும் எழுத வேண்டியவர்கள் வலைப்பதிவுக்குத்தான் போக வேண்டும்.

போனேன். ரைட்ஃப்ரீலி என்ற வலைப்பதிவு மென்பொருளும் கோ மொழியில் எழுதியதுதான். நிறுவும்போது கேள்வி கேட்டுத் தானே அமைப்புக் கோப்பை எழுதிக்கொள்கிறது. ஒருவருக்கா பலருக்கா, எஸ்கியூலைட்டா மைஎஸ்கியூஎல்லா, ஆக்டிவிட்டிபப் வேண்டுமா. பத்து நிமிடத்தில் ஒரு வெள்ளைத் திரை வந்து 'எழுது' என்று நிற்கும். அந்தத் திரை எனக்கு மிகவும் பிடித்தது. இயல்பாக வரும் எழுத்துருவில் தமிழ் இல்லாததால் உலாவி தன் இஷ்டத்துக்கு ஏதோ ஒன்றைப் போடுகிறது, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் பெட்டியில் நாமே சொல்லிவிட்டால் சரியாகிவிடுகிறது. ஆனால் படம் ஏற்ற வசதி இல்லை. மறுமொழிப் பெட்டியும் இல்லை. வலைப்பதிவை மாஸ்டடானிலிருந்து பின்தொடரலாம், பதிவு போட்டால் அங்கே தலைப்பும் இணைப்புமாகப் போய்ச் சேரும். யாராவது அங்கே பதில் எழுதினால் அது வலைப்பதிவுக்குத் திரும்பி வராது. ஒருவழிப் பாதை.

தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டியின் காலத்தில் எழுதியவர்களுக்கு மறுமொழி இல்லாத வலைப்பதிவு உப்பில்லாப் பண்டம். அப்போது பதிவுகள் அங்கங்கே சிதறிக் கிடந்தன, திரட்டி செய்தியோடை (ஆர்எஸ்எஸ்) வழியாகச் சேர்த்துக் காட்டியது, சண்டை முழுவதும் மறுமொழியில் நடந்தது. மையமில்லாத வலை என்று இன்று புதிதாகப் பேசுவதில் பாதியை நாம் 2004 வாக்கில் பிளாகரையும் ஓடையையும் வைத்தே செய்துகொண்டிருந்தோம். வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்கள் ஆக்டிவிட்டிபப் செருகியை (பிளகின்) போட்டால் மாஸ்டடானில் எழுதும் பதில்கள் மறுமொழிகளாகவே வந்து விழும். 2023-இல் வேர்ட்பிரஸ்.காமை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் அந்தச் செருகியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ரைட்ஃப்ரீலியை மூடிவிட்டுப் பழைய ஹ்யூகோ பதிவையே தூசி தட்டினேன். பதிவின் இணைப்பை நானே கோ டு சோஷியலில் போட்டுவிடுகிறேன். பதில் அங்கேயே வரட்டும்.

ப்ளூஸ்கைக்கு வருகிறேன். அங்கே பெயரை மட்டும் சொந்தமாக்க சர்வரே தேவையில்லை. டொமைனின் டிஎன்எஸ்ஸில் (முகவரிப் பதிவுகளில்) ஒரு டெக்ஸ்ட் வரி சேர்க்கலாம், அல்லது அதே வெல்-நோன் ஃபோல்டரில் நம் அடையாளக் குறியீட்டைத் தாங்கிய ஒரு வரிக் கோப்பை வைக்கலாம். நான் கோப்பை வைத்தேன். உடனே கணக்கின் பெயர் என் டொமைனாக மாறியது. இங்கே உண்மையான அடையாளம் பெயர் அல்ல, டிஐடி என்ற நீளமான குறியீடு. பின்தொடர்பவர்கள் அதைத்தான் பின்தொடர்கிறார்கள். பெயரை நாளைக்கே மாற்றினாலும் யாரும் நம்மைத் தொலைப்பதில்லை.

பதிவுகளையும் சொந்த இடத்துக்குக் கொண்டுவர நம் தரவைத் தாங்கும் பிடிஎஸ் என்ற சர்வரை நிறுவ வேண்டும். 1 ஜிபி ரேம், 20 ஜிபி வட்டு போதும் என்கிறார்கள், போதுமாகத்தான் இருந்தது. மின்னஞ்சல் அனுப்ப ஏற்பாடு வேண்டும். பல விபிஎஸ்களில் மின்னஞ்சல் வெளியே போகும் 25-ஆம் போர்ட்டை மூடியே வைத்திருப்பதால் வெளியே ஒரு மின்னஞ்சல் சேவையைப் பிடித்துக்கொள்வது நல்லது. முதன்மைக் கணக்கில் கை வைக்காமல் ஒரு சோதனைக் கணக்கை 'கோட்' என்ற கட்டளைவரிக் கருவியால் நகர்த்தினேன். பழைய இடத்திலிருந்து மின்னஞ்சலில் ஒரு ஒப்புதல் குறியீடு வரும், அதைக் கொடுத்ததும் பதிவுகள், படங்கள், பின்தொடர்பவர்கள் என்று எல்லாமே வந்துவிட்டன. எதிர்ப்பக்கம் யாருக்கும் நான் இடம் மாறியதே தெரியாது. குடிமாற்றம் என்று பார்த்தால் நான் கண்டதில் இதுதான் சுத்தமானது.

ஆனால் என் சர்வரில் இருப்பது என் மூட்டை மட்டும்தான். எல்லோருடைய மூட்டைகளையும் திரட்டிக் காலவரிசையாகக் காட்டும் பெரிய வேலையைப் பெரும்பாலும் ப்ளூஸ்கை நிறுவனமே செய்கிறது. அந்த டிஐடி குறியீடுகளின் பதிவேடும் ஓரிடத்தில்தான் இருக்கிறது. மாஸ்டடானில் குடிமாறுவது சிரமம், ஆனால் ஊருக்குத் தலைவர் இல்லை. இங்கே குடிமாறுவது சுலபம், ஆனால் ஊர் இன்னும் ஒருவர் கையில்தான். இந்த இரண்டில் எனக்கு முதலாவதே தேவலை.

நோஸ்டரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கணக்கே கிடையாது, ஒரு சாவி ஜோடிதான். பொதுச் சாவி உங்கள் பெயர், ரகசியச் சாவி உங்கள் கையெழுத்து. ரகசியச் சாவி தொலைந்தால் 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' என்று கேட்க ஆளில்லை. அடுத்தவர் கையில் சிக்கினாலும் அப்படித்தான், மாற்றவே முடியாது. எழுதியதை ரிலே எனப்படும் பல சர்வர்களுக்கு அனுப்பி வைக்கிறோம், ஒன்று விழுந்தாலும் மற்றொன்றில் இருக்கும். ஒரு ரிலேயைப் பட்டியலிலிருந்து எடுத்துப் பார்த்தேன், வித்தியாசமே தெரியவில்லை. அங்கே பேச்சு பெரும்பாலும் பிட்காயினைச் சுற்றியே ஓடியது, தமிழ் கண்ணில் படவில்லை. டொமைன் பெயரைச் சாவியோடு இணைக்க இங்கேயும் வெல்-நோன் ஃபோல்டரில்தான் ஒரு ஜேசன் கோப்பு. அதை மற்ற தளங்கள் படிக்கலாம் என்று அனுமதிக்கும் கோர்ஸ் தலைவரி சர்வரிலிருந்து போக வேண்டும், இல்லாவிட்டால் உலாவிச் செயலிகளால் அதைச் சரிபார்க்க முடியாது.

ஆக இப்போது அந்த ஃபோல்டரில் ஒரு திருப்பமும் இரண்டு சின்னக் கோப்புகளும் இருக்கின்றன. டொமைனைப் புதுப்பிக்கும் தேதியை வீட்டில் இன்னொருவரின் காலண்டரிலும் போட்டு வைத்திருக்கிறேன். அது போனால் மூன்று இடத்திலும் பெயர் போய்விடும். வாங்குபவர் அந்தப் பெயரில் உட்கார்ந்து பேசவும் முடியும்.

பேக்கப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோ டு சோஷியலின் எஸ்கியூலைட் கோப்பில் பதிவுகள் மட்டுமல்ல, கணக்கின் கையெழுத்துச் சாவியும் இருக்கிறது. அது அழிந்து, அதே டொமைனில் புதிதாக நிறுவி அதே பெயரில் கணக்கு தொடங்கினால், பழைய சாவியை நினைவில் வைத்திருக்கும் சர்வர்கள் உங்களைப் போலி என்று தள்ளும். படங்களின் தற்காலிகச் சேமிப்பு போனால் போகட்டும், அது திரும்ப வந்துவிடும். இந்த ஒரு கோப்பு போகக்கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது சாதாரணமாக நகல் எடுத்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டிக்கொள்ளலாம், அதனால் எஸ்கியூலைட்டின் பேக்கப் கட்டளையால்தான் எடுக்கிறேன். தினமும் இரவு ஒரு நகல் வீட்டுக் கணினிக்கு வந்துவிடுகிறது.

ப்ளூஸ்கை நண்பர்களை விட்டுவிட மனமில்லாததால் பிரிட்ஜி ஃபெட் என்ற பாலத்தைப் போட்டிருக்கிறேன். கோ டு சோஷியலிலிருந்து அதன் கணக்கைப் பின்தொடர்ந்தால் போதும், நாம் எழுதுவது அந்தப் பக்கமும் தெரியும், அங்கே பாலத்தை இயக்கியவர்களின் பதில்கள் இந்தப் பக்கம் வரும். சோதனைக்குப் போட்ட பிடிஎஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முதன்மைக் கணக்கை அதற்கு நகர்த்தும் முன், என் கையில் மட்டும் இருக்கும் ஒரு மீட்புச் சாவியை டிஐடி பதிவேட்டில் சேர்த்துவிட வேண்டும். அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை.